வரைபடத்தில் தெற்கே ஒரு கோடு

அமெரிக்காவின் டெத் வேலி என்ற பாலைவனத்தில் ஆளில்லாத பழைய சுரங்க முகாம் ஒன்று உண்டு. வந்துபோகிறவர்கள் பெயர் எழுதிவைக்க அங்கே ஒரு நோட்டு கிடக்கும். 1996 ஜூலை 23 தேதியிட்டு அதில் ஜெர்மன் மொழியில் ஒரு குறிப்பு இருந்தது: கணவாய் வழியாகப் போகிறோம். எழுதியவர்கள் டிரெஸ்டன் நகரத்திலிருந்து விடுமுறைக்கு வந்த நான்கு பேர். ஓர் ஆண், ஒரு பெண், பள்ளிக்கூடம் போகும் வயதில் ஒரு பையன், நான்கு வயதில் இன்னொரு பையன். ஜூலை 27-ல் ஊர் திரும்ப விமானம். அவர்கள் அதில் ஏறவில்லை.

மூன்று மாதம் எந்தத் தகவலும் இல்லை. வாடகைக்கு எடுத்த வேன் திரும்பி வராததால் அது திருட்டுப் போன வண்டிகளின் பட்டியலில் சேர்ந்தது. அக்டோபரில், வேறு ஏதோ வேலையாக ஹெலிகாப்டரில் போய்க்கொண்டிருந்த டெத் வேலி தேசியப் பூங்காவின் காவலர் ஒருவர், ஆன்வில் கேன்யன் என்ற மணற்படுகையில் பச்சை வேன் ஒன்றைப் பார்த்தார். வண்டி போகவே கூடாத இடம் அது. வேன் அச்சு வரைக்கும் மணலில் இறங்கியிருந்தது. மூன்று டயரில் காற்று இல்லை. கதவுகள் பூட்டியிருந்தன.

பூட்டியிருந்தன என்பதை நான் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். திரும்பி வருவோம் என்று நினைக்கிறவர்தான் வண்டியைப் பூட்டுவார். பொருட்கள் உள்ளே இருந்தன. உதவியோடு வந்து வண்டியை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போகலாம் என்று நம்பித்தான், கையில் இரண்டு குழந்தைகளோடு அவர்கள் இறங்கி நடந்திருக்கிறார்கள்.

அடுத்த சில நாட்கள் நூற்றுக்கணக்கானோர் தேடினார்கள். வேனிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு புதரடியில் ஒரு பீர் பாட்டில் கிடைத்தது. அவ்வளவுதான். பிறகு பதின்மூன்று வருடம் வதந்திகள்தான் வளர்ந்தன. கொலை என்றார்கள். கடனிலிருந்து தப்பிக்கக் காணாமல் போனதுபோல நடித்தார்கள் என்றார்கள். பக்கத்தில் இராணுவத் தளம் இருப்பதால் வேறு கதைகளும் கிளம்பின.

2009 நவம்பரில், தேடுதல் பணியில் பழகிய ஒரு தன்னார்வலரும் அவருடைய நண்பரும், பழைய தேடுதல் எல்லைக்கு வெளியே, வேனுக்குப் பல மைல் தெற்கே பெரியவர்களின் எலும்புகளைக் கண்டெடுத்தார்கள். அந்த ஆண் யார் என்பதை மரபணுச் சோதனை உறுதிசெய்தது. பிள்ளைகள் இருவரைப் பற்றி அப்படி ஓர் உறுதி கிடைக்கவில்லை.

அந்தத் தன்னார்வலர் புதிதாக எந்தக் கருவியையும் கொண்டு போகவில்லை. தேடியவர்கள் முன்பு கேட்டது, ஒரு மனிதன் இந்த வெயிலில் எவ்வளவு தூரம் நடக்க முடியும் என்ற கேள்வி. இவர் கேட்டது, அந்த வேனுக்குப் பக்கத்தில் நின்று ஒரு ஜெர்மன்காரர் தன் கையிலுள்ள வரைபடத்தைப் பார்த்தால் என்ன நினைப்பார் என்பது. வரைபடத்தில் தெற்கே ஒரு கோடு இருக்கிறது. சைனா லேக் கடற்படை ஆயுதச் சோதனைத் தளத்தின் எல்லை. ஜெர்மனியில் இராணுவத் தளம் என்றால் வேலி இருக்கும், காவலுக்கு ஆள் இருக்கும், ரோந்து வண்டி வரும். அங்கே போய்விட்டால் பிழைத்தோம் என்று அவர் நினைத்திருப்பார். ஆனால் அமெரிக்கப் பாலைவனத்தில் அந்தக் கோடு வெறும் கோடுதான். அங்கே வேலியுமில்லை, காவலாளியுமில்லை. இருப்பது இன்னும் அதிகமான பாலைவனம்.

இது அவருடைய ஊகம். ஆனால் எலும்புகள் அந்த ஊகம் காட்டிய பக்கத்தில்தான் கிடந்தன. எனக்கு இதில் மிகவும் வலிப்பது, அந்த முடிவில் முட்டாள்தனம் எதுவும் இல்லை என்பதுதான். கணவாய்ப் பாதை இந்த வண்டிக்குத் தாங்காது என்று தெரிந்ததும் வேறு வழி பார்த்தார்கள். ஆன்வில் கேன்யனில் ஒரு காலத்தில் வண்டித்தடம் இருந்தது. டயர் போன பிறகும் முடிந்தவரை ஓட்டினார்கள். அப்புறம், ஆட்கள் இருக்கும் என்று தோன்றிய பக்கம் நடந்தார்கள். ஒவ்வொன்றும் நாமும் செய்யக்கூடியதுதான். கொடுமை என்னவென்றால், அவர்கள் வந்த வழியிலேயே சில மைல் மேற்கே, கல் வீடு ஒன்றின் பக்கத்தில் ஊற்று இருந்தது. அந்த வீட்டுக்கு அவர்கள் போயிருக்கிறார்கள். அங்கே இருந்த அமெரிக்கக் கொடி பிறகு வேனுக்குள் கிடைத்தது.

சரி, தண்ணீர்க் கணக்குக்கு வருவோம். பாலைவனத்தைப் பற்றி நம் மனதில் பதிந்திருப்பது, நாக்கு வறண்டு பல நாள் தவழ்ந்து போகும் மனிதனின் படம். உண்மையில் அவ்வளவு நேரம் கிடைப்பதில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் எட்வர்ட் அடால்ஃப் என்ற உடலியங்கியல் அறிஞரின் குழு, கலிபோர்னியப் பாலைவனத்தில் சிப்பாய்களோடு இருந்து இதை அளந்தது. முடிவுகள் 1947-ல் வெளிவந்தன. நிழலிலேயே 49 டிகிரி செல்சியஸ் இருக்கும் இடத்தில், அசையாமல் நிழலில் உட்கார்ந்திருக்கும் ஒருவர், சொட்டுத் தண்ணீர் இல்லாமல் சுமார் இரண்டு நாள் உயிரோடு இருக்கலாம். பகலில் ஓய்வெடுத்து இரவில் மட்டும் நடந்தாலும் அது ஒரு நாளாகக் குறைந்துவிடும். கிட்டத்தட்ட ஒன்பதரை லிட்டர் தண்ணீர் கையில் இருந்தால்? நிழலில் உட்கார்ந்திருப்பவருக்கு அது கூட்டித் தருவது ஒரே ஒரு நாள். ஒன்பதரை லிட்டருக்கு ஒரு நாள்தானா என்று இந்த எண்ணை முதலில் பார்த்தபோது எனக்கு நம்ப முடியவில்லை.

காரணம் எளிது. நம் தோல் ஏறக்குறைய 35 டிகிரியில் இருக்கிறது. வெளிக்காற்று அதைவிடச் சூடானால் உடம்பின் சூட்டைக் காற்று வாங்கிக்கொள்ளாது, நமக்குக் கொடுக்கத்தான் செய்யும். அப்போது உடலைக் குளிர்விக்க மிச்சமிருக்கும் ஒரே வழி வியர்வை ஆவியாவது. வெயிலில் நடக்கிறவருக்கு மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலும் வியர்வை போகும். சென்னையில் சட்டை நனைந்து ஒட்டும்போது வியர்க்கிறது என்று தெரிகிறது. பாலைவனத்தில் காற்று அவ்வளவு வறட்சி, வியர்வை தோலில் நிற்பதே இல்லை. சட்டை உலர்ந்தே இருக்கும். எவ்வளவு தண்ணீர் போய்விட்டது என்று உடம்புக்குள் இருப்பவருக்கே தெரியாது. தாகமும் சரியான அளவைச் சொல்லாது. தண்ணீர் தாராளமாக இருந்தபோதும் அந்தச் சிப்பாய்கள் இழந்ததைவிடக் குறைவாகத்தான் குடித்தார்கள்.

தரை இன்னொரு பக்கம். டெத் வேலியின் ஃபர்னஸ் கிரீக்கில் 1913 ஜூலை 10 அன்று பதிவான 56.7 டிகிரிதான் உலகத்தில் அதிகாரப்பூர்வமாக ஏற்கப்பட்ட மிக உயர்ந்த காற்று வெப்பம். அது தரைக்கு மேலே நிழலில் அளந்தது. 1972 ஜூலையில் அதே இடத்தில் தரையின் சூட்டை அளந்தபோது 93.9 டிகிரி. நான்கு வயதுப் பிள்ளையின் முகம் அந்தத் தரைக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கும் என்று யோசித்தால் மேலே எழுத முடியவில்லை. காற்று அந்த அளவு சூடாகும்போது அடர்த்தி குறைந்துவிடும், ஹெலிகாப்டரின் விசிறிக்குப் பிடிமானம் கிடைக்காது. 2024 ஜூலையில் டெத் வேலியில் மோட்டார் சைக்கிளில் வந்த சிலர் வெயிலில் சுருண்டபோது, மருத்துவ ஹெலிகாப்டர் வர முடியாமல் போனது இதனால்தான்.

தண்ணீர் பற்றாமல் போகும் உடம்பு என்ன ஆகும் என்பதை மிக நெருக்கமாகப் பார்த்து எழுதியவர் மெக்கீ என்ற அமெரிக்க ஆய்வாளர். 1905 ஆகஸ்டில் அவர் அரிசோனாவில், டினஹாஸ் ஆல்டாஸ் என்ற பாறைச்சுனைப் பக்கம் முகாம் போட்டிருந்தார். ஒரு விடியற்காலை மாடு கத்துவதுபோலச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் மனிதன். தங்கம் தேடிப் போன பாப்லோ வலென்சியா. ஒரு நாளுக்கான தண்ணீரோடு ஏழு நாளை நெருங்கும் காலம் அலைந்திருக்கிறார். உதடுகள் சுருங்கிப் பல் மட்டும் தெரிந்தது, தோல் கறுத்துப் போயிருந்தது, கண்ணும் காதும் வேலை செய்யவில்லை. கைகால்களில் கிழிந்த காயங்கள் இருந்தன, ஆனால் இரத்தம் வரவில்லை. தண்ணீர் கொடுத்துப் பல மணி நேரம் கழித்துத்தான் அந்தக் காயங்கள் கசிய ஆரம்பித்தன. வலென்சியா பிழைத்துக்கொண்டார். அப்படிப் பிழைத்தவர்கள் மிகவும் குறைவு.

தவறான படத்தை நம்பி நடப்பது சுற்றுலாப் பயணிகளுக்கு மட்டும் நேர்வதில்லை. 1943 ஏப்ரல் 4 அன்று லிபியாவின் சொலூக் தளத்திலிருந்து, நேப்பிள்ஸ் நகரத்தின் மேல் குண்டு போட ஓர் அமெரிக்க விமானம் கிளம்பியது. பெயர் லேடி பீ குட், உள்ளே ஒன்பது பேர். திரும்பும்போது இருட்டு. தளத்திடம் திசை கேட்டார்கள். அங்கிருந்த கருவிக்கு விமானம் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. விமானம் ஏற்கெனவே தளத்தைத் தாண்டி உள்நாட்டுக்குள் போய்விட்டது. கடல் மேல்தான் இன்னும் இருக்கிறோம் என்று அவர்கள் நினைத்தார்கள். எரிபொருள் தீரும் வரை தெற்கே பறந்து, பாராசூட்டில் குதித்தார்கள். கால் பட்டது மணலில்.

ஒருவருடைய பாராசூட் சரியாக விரியாமல் அவர் இறந்தார். மற்ற எட்டுப் பேரும் ஒருவரையொருவர் தேடிச் சேர்ந்து, கடற்கரை பக்கம்தான் என்று நம்பி வடமேற்கே நடக்க ஆரம்பித்தார்கள். கையில் அரைக் குடுவைத் தண்ணீர். குடுவையின் மூடியால் அளந்து ஆளுக்கு நாளைக்கு ஒரு மூடி. கடல் 600 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தது. ஆளில்லாமலே தரையிறங்கிய விமானமோ அவர்களுக்குத் தெற்கே சுமார் 25 கிலோமீட்டர் தூரத்தில், அதிகம் உடையாமல் கிடந்தது. உள்ளே வேலை செய்யும் ரேடியோ, கொஞ்சம் தண்ணீர், உணவு. விமானம் நொறுங்கியிருக்கும் என்று நினைத்த யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

துணை விமானி ராபர்ட் டோனர் ஒரு சின்ன நாட்குறிப்பு வைத்திருந்தார். ஏப்ரல் 12 திங்கட்கிழமைதான் கடைசி. உதவி இன்னும் வரவில்லை, இரவு கடுங்குளிர் என்ற அளவில் நிற்கிறது. ஆமாம், குளிர். பாலைவனத்தில் ஈரமும் மேகமும் இல்லாததால் பகலில் வாங்கிய சூட்டை மணல் இரவில் அப்படியே வானத்துக்குக் கொடுத்துவிடும். நிபுணர்கள் பிறகு கணக்குப் போட்டு, அந்தத் தண்ணீருக்கு 50 கிலோமீட்டர்கூட நடந்திருக்க முடியாது என்றார்கள். ஐந்து பேரின் உடல்கள் கிடைத்த இடம் அதைப்போல இரண்டு மடங்குக்கும் அப்பால் இருந்தது. மற்றவர்கள் இன்னும் மேலே போயிருந்தார்கள்.

1943-ல் தேடியவர்கள் எங்கே தேடினார்கள் தெரியுமா? கடலில். விமானத்தில் இருந்தவர்களின் தவறும் தேடியவர்களின் தவறும் ஒரே தவறுதான். 1958-ல் எண்ணெய் தேடிப் போன குழு தற்செயலாக விமானத்தைப் பார்த்தது. 1960-ல் எட்டு உடல்கள் கிடைத்தன. ஒருவர் இன்றுவரை கிடைக்கவில்லை.

நேராக நடந்தாலும் நேராகப் போவோம் என்பது நிச்சயமில்லை. ஜெர்மனியில் டூபிங்கன் நகர மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்து ஆய்வாளர்கள் 2009-ல் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். துனிசியப் பாலைவனத்தில் ஆட்களை நடக்கவிட்டு ஜிபிஎஸ்ஸில் தடம் பிடித்தார்கள். சூரியனோ நிலாவோ தெரிந்தவரை கோணல்மாணலாக இருந்தாலும் ஒரே திசையில் போனார்கள். நிலா மறைந்ததும், நேராகப் போகிறோம் என்று நம்பிக்கொண்டே வளைந்து திரும்பினார்கள். கண்ணைக் கட்டிவிட்டால் 20 மீட்டர் அகல வட்டத்துக்குள்ளேயே சுற்றியவர்களும் உண்டு. மணற்புயலில் மாட்டியவருக்குக் கிட்டத்தட்ட அதே நிலைதான். 1994-ல் மொராக்கோவில் நடந்த சகாரா மாரத்தானில் மாவ்ரோ ப்ரோஸ்பெரி என்ற இத்தாலியப் போலீஸ்காரர் புயலில் வழி தவறி, ஒன்பது நாளைக்கு மேல் அலைந்து அல்ஜீரியாவுக்குள் போய்ச் சேர்ந்தார். பாழடைந்த ஒரு தர்காவில் வௌவாலைப் பிடித்துத் தின்று, சிறுநீரைக் குடித்து, வெயில் நேரத்தில் நிழலில் ஒதுங்கிக் காலையும் மாலையும் மட்டும் நடந்தார். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு சிறுமியைக் கண்டதில்தான் உயிர் தப்பியது.

வாதி எனப்படும் காய்ந்த ஆற்றுப் படுகைகளையும் சொல்லிவிட வேண்டும். மலையில் எங்கோ பெய்த மழை, வெயில் அடிக்கும் இடத்தில் சுவர்போல வரும். எழுத்தாளர் இசபெல் எபர்ஹார்ட் 1904 அக்டோபரில் அல்ஜீரியாவின் ஐன் செஃப்ராவில் இறந்தது அப்படிப்பட்ட வெள்ளத்தில்தான். சகாராவில் நீரில் மூழ்கி.

வண்டியை விட்டுப் போகாதே என்பது ஆஸ்திரேலியாவிலும் வளைகுடாவிலும் பாலைவனம் பழகியவர்கள் முதலில் சொல்லிக் கொடுப்பது. மனிதன் மேலிருந்து பார்த்தால் ஒரு புள்ளி. வண்டி பளபளக்கும், நிழல் தரும், அதன் கண்ணாடியை வெயிலில் காட்டிச் சைகை செய்யலாம். ஆஸ்திரேலியாவின் பேர்ட்ஸ்வில் தடத்தில் 1963 டிசம்பரில் ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பம் வண்டியை விட்டு நடந்து முழுவதுமாக மாண்டது அந்த நாட்டில் இன்றும் சொல்லப்படும் பாடம்.

ஆனால் இந்த விதி பாதிதான். 2024 ஆகஸ்டில் சவூதி அரேபியாவின் ருப் அல் காலியில், அதாவது வெற்றுப் பகுதி என்று பெயர் பெற்ற அந்த ஆறரை லட்சம் சதுர கிலோமீட்டர் மணலில், வேலையாகப் போன தெலங்கானா இளைஞர் ஒருவரும் சூடானைச் சேர்ந்த அவரது சக ஊழியரும் வழி தவறினார்கள். ஜிபிஎஸ் கைவிட்டது, எரிபொருள் தீர்ந்தது, போனில் சார்ஜ் போனது. அவர்கள் வண்டியை விட்டுப் போகவில்லை. நாட்கள் கழித்து, வண்டிக்குப் பக்கத்திலேயே தொழுகை விரிப்பின் மேல் உடல்கள் கிடைத்ததாகச் செய்திகள் வந்தன. எங்கே போகிறோம், எந்த நேரத்துக்குள் திரும்பாவிட்டால் தேட வேண்டும் என்று ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போனால்தான் வண்டியோடு இருப்பதற்குப் பலன். டெத் வேலி குடும்பத்தைப் பற்றி மூன்று மாதம் யாரும் அந்தப் பக்கம் தேடாததும் இதே காரணம்தான்.

வளைகுடாவில் ஓட்டிப் பழகிய நம் ஊர் டிரைவர்களிடம் பேசினால் இதெல்லாம் சாதாரணமாகச் சொல்வார்கள். மணலில் இறங்குமுன் டயரில் பாதிக் காற்றை இறக்கிவிடு, டயர் பரந்து மணலை மிதிக்கும். சிக்கிவிட்டால் ஆக்சிலரேட்டரை மிதிக்காதே, மிதிக்க மிதிக்கக் குழிதான் ஆழமாகும். வெள்ளையாக மினுங்கும் சப்கா தரையை நம்பாதே, மேலே உப்புப் பொருக்கு, கீழே சேறு. தனி வண்டியாகப் போகாதே. இதைச் சொல்பவர்களில் பலர் விருப்பப்பட்டுப் பாலைவனம் பார்க்கப் போனவர்கள் இல்லை, அனுப்பப்பட்டவர்கள். வீட்டு டிரைவர் வேலை என்று சொல்லிக் கூட்டிப்போய் ஆட்டுப்பட்டியில் விடப்பட்டவர்களும் அதில் உண்டு. பாஸ்போர்ட் முதலாளியிடம். தப்பித்து நெடுஞ்சாலை இருக்கும் பக்கம் நடக்கிறவருக்குக் காத்திருக்க வண்டியும் இல்லை, தேட ஆளும் இல்லை.

காணாமல் போவது என்றால் யாரோ ஒருவர் கணக்கு வைத்துக்கொண்டிருக்க வேண்டும். அந்தக் கணக்கே இல்லாதவர்கள்தான் பாலைவனத்தில் அதிகம் சாகிறார்கள். 2013 இலையுதிர் காலத்தில் நைஜரின் அர்லித் நகரத்திலிருந்து இரண்டு லாரிகளில் மக்கள் அல்ஜீரியாவுக்குக் கிளம்பினார்கள். ஒன்று பழுதானது. சரிசெய்ய உதவி தேடிப் போன மற்றதும் நின்றுவிட்டது. அப்புறம் கூட்டம் கூட்டமாக நடக்க ஆரம்பித்தார்கள். அல்ஜீரிய எல்லைக்குச் சுமார் பத்துக் கிலோமீட்டர் தூரத்தில் 92 உடல்கள் மணலில் சிதறிக் கிடந்தன. அவர்களில் 52 பேர் குழந்தைகள், 33 பேர் பெண்கள், ஆண்கள் 7 பேர். கண்டவர்கள் அங்கேயே புதைத்தார்கள். சங்கப் பாட்டின் பாலை வழிகளில், இறந்த வழிப்போக்கர் மேல் கல்லைக் குவித்த பதுக்கைகள் வரும். கடந்துபோகிறவருக்கு உள்ளே யார் என்று தெரியாது, அஞ்சிக்கொண்டே போவார்கள். அந்தச் சொல் இவ்வளவு காலத்துக்குப் பிறகு எனக்கு இந்தச் செய்தியில்தான் பொருள் விளங்கியது.

அமெரிக்காவில் இது திட்டமிட்டே நடந்தது என்று சொல்லலாம். 1994 முதல் எல்லைக் காவல்படை நகரங்களை ஒட்டிய மெக்சிகோ எல்லையை இறுக்கியது. மக்கள் பாலைவனப் பக்கம் தள்ளப்படுவார்கள், அந்த நிலமே அவர்களைத் தடுத்துவிடும் என்பது கணக்கு. நிலம் தடுக்கவில்லை, கொன்றது. 2000-க்குப் பிறகு தெற்கு அரிசோனாவில் மட்டும் 3,000-க்கும் மேற்பட்டவர்களின் எச்சங்கள் கிடைத்திருக்கின்றன. டூசான் நகரத்துப் பிணக்கூறாய்வு அலுவலகத்தில் கணிசமானவர்களுக்கு இன்னும் பெயர் இல்லை. எலும்போடு கிடைத்த சீப்பும் பிரார்த்தனைப் படமும் எண் போட்ட உறையில் இருக்கின்றன.

அங்கே ஹியூமேன் பார்டர்ஸ் என்ற தன்னார்வ அமைப்பு நீலக் கொடி பறக்கும் தண்ணீர் பீப்பாய்களைப் பாலைவனத்தில் வைக்கிறது. உடல் கிடைத்த ஒவ்வோர் இடத்துக்கும் வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. புள்ளி கூடும் பக்கம் பீப்பாய் போகும். சில பீப்பாய்களை யாரோ கத்தியால் கிழித்துவிட்டுப் போவார்கள். மறுபடி வைப்பார்கள். அதே வரைபடத்தைச் சுவரொட்டியாக அச்சடித்து, மெக்சிகோப் பக்கம் கிளம்புகிறவர்கள் பார்க்கும்படி ஒட்டியும் இருக்கிறார்கள். போகாதீர்கள், தண்ணீர் போதாது என்று ஸ்பானிய மொழியில் பெரிய எழுத்து. கீழே எல்லையிலிருந்து வட்டங்கள் விரிகின்றன. முதல் வட்டம் ஒரு நாள் நடை, அடுத்தது இரண்டு நாள், அதற்கடுத்தது மூன்று. சிவப்புப் புள்ளிகள் அந்த வட்டங்களுக்குள் மொய்த்துக் கிடக்கின்றன. டூசான் கடைசி வட்டத்துக்கும் வெளியே இருக்கிறது.